எஸ்தர் ராணியும் அந்த வெறும் நீலத் திரையும்

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. பேக்கிங் செக்‌ஷன் சரோஜா பேசினாள். "வசந்தாக்கா, நம்ம எஸ்தர் அக்கா விடிகாலையில போய்ட்டாங்க" என்றாள். ஆறு மாதமாக வேலூரில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மார்பில் வந்த கட்டி நுரையீரல்வரை போய்விட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது. நான் ஏறவில்லை.

அழுதிருப்பேன். ஆனால் எஸ்தர் வீட்டுக்கு நடந்து போகிற வழியில் கம்பெனி கேட்டைத் தாண்டவேண்டியிருந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே ஃபிளக்ஸ் பேனர் கட்டிவிட்டார்கள். வேலையை விட்டுப் போனவளுக்கு என்ன ஒரு வேகம்! உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலிக்கு நான்கு மாதம் எழுதிக் கேட்டாளே, அப்போது எங்கே போனது இந்த வேகம்? "பொறுமையின் சிகரமே, எங்கள் நிறுவனக் குடும்பத்தின் குலவிளக்கே" என்று போட்டிருந்தது. கீழே ஜெனரல் மேனேஜரின் பெயர், செத்தவள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். படம் ஆயுத பூஜையன்று எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது. எஸ்தருக்குப் பக்கத்தில் பாதித் தோள் ஒன்று தெரிந்தது. அந்த மெரூன் புடவை என்னுடையது.

அன்று மதியமே என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை சர்ச் ஹால்ல நினைவுக் கூட்டம் வெக்கிறோம். கம்பெனி சார்பா ஒரு தாள் அச்சடிச்சுக் குடுக்கணும். நீங்கதானே அவங்களுக்குக் க்ளோஸ், நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்கம்மா" என்றார் அதே ஜெனரல் மேனேஜர். எழுதியிருக்கிறேன். நாலு வரியில் அடங்கவில்லை. அவர்கள் இதை அச்சடிக்க மாட்டார்கள் என்பதால் நானே ஜெராக்ஸ் எடுத்துவந்து உங்கள் கையில் தருகிறேன். இதற்குப் பிறகு டாக்குமென்ட் செக்‌ஷனில் என் நாற்காலி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்தாகிவிட்டது, போகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் பொறுமைசாலி இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் டைப்பிங் ஹையர் பாஸ் என்பதுதான் தகுதி. கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் பயந்து ஒதுங்கினோம். அவள் நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கினாள். இயந்திரம் எப்போது மக்கர் பண்ணினாலும் திரையில் என்ன வந்தது, அதற்குமுன் என்ன செய்தோம், எதைச் செய்ததும் சரியானது என்று அதில் எழுதிவைப்பாள். ஒருமுறை பிரிண்டர் பேப்பரைக் கடித்துக் கடித்துத் துப்பியது. அன்று வெறும் மேனேஜராக இருந்த இதே ஜெனரல் மேனேஜர், கூட்டுகிற அம்மாவை நிற்கவைத்து, "நீதானே தொடச்சே, இன்னா பண்ணே?" என்று கத்திக்கொண்டிருந்தார். எஸ்தர் குறுக்கே போய் நின்றாள். "சார், மொதல்ல இன்னா ஆச்சுன்னு பாக்கலாம். யாரு பண்ணாங்கன்றது அப்புறம்" என்றாள். மூடியைத் திறந்து ஒரு ஸ்டேப்ளர் பின்னை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். அது அவர் கொடுத்த தாளிலிருந்து உள்ளே போன பின். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருக்கு இன்னும் உறைத்தது.

இப்போது குமுதா விஷயத்துக்கு வருகிறேன். மாதனூர் பக்கத்துப் பெண். ஷூவின் நாக்கில் சைஸ் நம்பர் அச்சுக் குத்தும் மிஷினில் வேலை. நான்கு வருஷத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, அந்த மிஷின் அவளுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. ஷிப்ட் ஐந்தரைக்கு முடிந்துவிடும். அதற்குமேல் யாரும் வேலை செய்வதில்லை என்று ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? குமுதா ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டாள், கரும்பு ஜூஸ் மிஷினில் கையை விட்டுக்கொண்டாள் என்றது. மாதனூரில் அவள் வீட்டுக்கு எதிரே ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டு சொன்னார்கள். நாக்கூசாமல் சொன்னார்கள். நஷ்டஈடு வேண்டுமென்றால் வேலையில் இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது ஈ.எஸ்.ஐ. ஆபீஸ். அத்தாட்சி இருந்தது. எங்கள் அறையில், எஸ்தரின் கம்ப்யூட்டரில் இருந்தது.

வெளியாட்களுக்குக் காட்ட ஒரு வருகைப் பதிவு, நிஜத்தில் யார் எத்தனை மணிவரை இருந்தார்கள் என்று இன்னொரு பதிவு. இரண்டையும் அடித்தவள் எஸ்தர்தான். அவளை உத்தமி என்று நான் சொல்லவரவில்லை. அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பாள். நான் பல்லைக் கடிக்காமல் சரிபார்ப்பேன். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

குமுதாவுக்கு அடிபட்ட மறுவாரம் சனிக்கிழமை, பையர் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். பையர் வருகிறார்கள் என்றால் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பூட்டிக்கிடந்த பாத்ரூம் திறக்கும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். அந்த முறை மேனேஜர் கம்ப்யூட்டரையும் அலங்கரித்தார். அதைப் போட்டதும் ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியுமே, வந்தவர்கள் கண்ணில் அது படக்கூடாது. வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். இயந்திரத்தைப் போட்டால் டெஸ்க்டாப் வராமல் நேரடியாக "வெல்கம்" என்று ஒரு படக்காட்சி ஓடும்படி அந்த ஆள் மாற்றிவைத்தார். காட்சி ஒரு சி.டி.யில் இருந்தது. சனிக்கிழமை வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் போனதும் மேனேஜர் சி.டி.யை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாற்றியதை யாரும் திருப்பி மாற்றவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவள் எஸ்தர்.

திங்கட்கிழமை காலை இயந்திரத்தைப் போட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனியின் முத்திரை வந்தது, பச்சைக்கோடு ஓடியது, வழக்கமான சங்கீதம்கூடக் கேட்டது. பிறகு வெறும் நீலத் திரை. ஒரு ஃபோல்டர் இல்லை, கீழே பட்டை இல்லை, அம்புக்குறி மட்டும் நடுவில் நின்றது. அணைத்துப் போட்டாள். அதே நீலம். பத்து நிமிஷம் ஆறவிட்டுப் போட்டாள். அதே நீலம்தான். அன்றைக்கு ஒரு கன்டெய்னர் சென்னைக்குக் கிளம்பவேண்டும், அதன் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் உள்ளே இருந்தன. மேனேஜர் வந்தார், பார்த்தார், கேட்ட முதல் கேள்வி, "யாரு பண்ணது இது?"

"சார், இன்னா ஆச்சுன்னு..." என்று எஸ்தர் ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை கடைசியா ஆஃப் பண்ணது யாரு? நீதானே? உங்க சர்ச் கொயர் பாட்டு சி.டி.ய இதுல போட்டுக் கேட்டிருப்பே. வைரஸ் வந்துச்சி. மூணு மணிக்கு வேலூர்ல இருந்து ஆள் வர்றாரு, ஃபார்மட் பண்ணிடுவாரு. நீ எக்ஸ்பிளனேஷன் லெட்டர் எழுதி வை" என்றார்.

அதற்கு அவள் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "ஃபார்மட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும் சார். ஏப்ரல்ல இருந்து வருகையெல்லாம் அதுலதான் கீது." அவர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார். "அழிஞ்சா அழியட்டும். புதுசா ஆரம்பிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குமுதாவின் பதிவு அதில் இருப்பதை அவர் நிஜமாகவே மறந்திருந்தாரா, இல்லை அதை அழித்துவிடும் யோசனை அந்த விநாடியில்தான் அவருக்கு உதித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உதித்தது என்றுதான் என் வயிற்றெரிச்சல் சொல்கிறது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். எஸ்தர் டிபன்பாக்ஸைத் திறக்கவேயில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மவுஸை அசைத்தாள், அம்புக்குறி நகர்ந்தது. கீபோர்டில் நம்பர் பூட்டும் கட்டையை அமுக்கினாள், மேலே பச்சை விளக்கு எரிந்தது, மறுபடி அமுக்க அணைந்தது. "இதுக்கு உயிர் இருக்கு வசந்தா. வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எதுவும் போகல. மறைஞ்சிருக்கு, அவ்ளோதான்" என்றாள். நோட்டைப் புரட்டினாள். எப்போதோ ஒருமுறை திரை பாதியில் நின்றபோது எழுதிவைத்த பக்கம் கிடைத்தது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட், மூன்று கட்டைகளையும் ஒன்றாக அமுக்கினாள். நீலத்தின்மேல் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் புதிய வேலை என்று இருந்த இடத்தை அழுத்தி, எக்ஸ்ப்ளோரர் என்று எட்டே எழுத்து இங்கிலீஷில் அடித்து, என்டர் தட்டினாள்.

கண்ணிமைக்கும் நேரத்தில் அத்தனையும் வந்து நின்றது. கீழே பட்டை, இடதுபக்கம் ஃபோல்டர்கள், அவள் மகன் பிறந்தநாள் படம் பின்னால். நான் கைதட்டிவிட்டேன். அவள் தட்டவில்லை. எந்த நிரலை முதலில் எழுப்புவது என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கிற வரி ஒன்று இருக்கிறதாம், அதைத் தேடிப் பிடித்தாள். அந்த இடத்தில் "வெல்கம்" என்று இருந்தது. "இத பாரு. இல்லாத சி.டி.ய தேடிக்கினு நிக்குது பாவம். நான் கெடுத்தேனாம், நானு!" என்றாள். அப்படிச் சிவந்த முகத்தை நான் அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை. பொறுமையின் சிகரமாம்!

ஷிப்மென்ட் பேப்பர்களை ஏழு ஃபிளாப்பியில் ஏற்றினாள். பிறகு அந்த வியாழக்கிழமையின் நிஜ வருகைப் பக்கத்தைத் திறந்தாள். குமுதா, அச்சு மிஷின், உள்ளே எட்டு நாற்பது, வெளியே என்ற கட்டத்தில் "விபத்து, மாலை ஏழு" என்று அன்று அவளே அடித்திருந்தாள். அதைப் பிரிண்ட் எடுத்தாள். தினமும் சாயங்காலம் கேட்டில் பெண்களின் பையையும் டிபன்பாக்ஸையும் கொட்டிப் பார்ப்பார்கள், தோல் துண்டு திருடுகிறோமா என்று. ஆகையால் தாளை நீளவாக்கில் மடித்து, குடையை விரித்து அதன் கம்பிகளுக்கு நடுவில் வைத்துச் சுருட்டிக் கட்டினாள். என்னைப் பார்த்து, "நீ பாக்கல" என்றாள். நான் தலையாட்டினேன்.

மேனேஜர் இரண்டு மணிக்கு வந்தார். திரையைப் பார்த்தார். கெட்டுப்போன மிஷின் சரியானால் சந்தோஷப்படவேண்டாமா ஒரு மனிதர்? "உன்ன யாரு தொடச் சொன்னது?" என்று கேட்டார். எஸ்தர் எழுந்து நின்று, நடந்தது அத்தனையையும் ஒழுங்காகச் சொன்னாள். சி.டி., மாற்றிவைத்த வரி, எல்லாம் சொன்னாள். "இப்ப நல்லா கீது சார், ஃபார்மட் தேவையில்ல." அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். மூன்று மணிக்கு வேலூர் ஆள் வந்தார், வெள்ளிக்கிழமை வந்தவர் இல்லை, வேறொருவர். அவருக்கே புரியவில்லை. "நல்லாத்தானே ஓடுது சார், எதுக்கு அழிக்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். "சொன்னத செய்யுங்க" என்றார் மேனேஜர். நல்லபடி ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை, எங்கள் கண்முன்னால், சுத்தமாகத் துடைத்தார்கள். எஸ்தர் சுவரில் சாய்ந்து நின்று கடைசிவரை பார்த்தாள்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டைப் அடித்த தாள் ஒன்று. எஸ்தர் ராணி அனுமதியில்லாமல் பாட்டு சி.டி. போட்டதாலும் கவனக்குறைவாலும் கம்ப்யூட்டர் பழுதாகிப் பதிவுகள் அழிந்தன என்றும், நான் அதை நேரில் பார்த்தேன் என்றும் இருந்தது. "சாட்சின்னு போட்டிருக்கற எடத்துல ஒரு கையெழுத்து. சும்மா ஃபைலுக்குத்தான்" என்றார். என் வீட்டுக்காரர் அப்போது வேலையில்லாமல் இருந்தார், பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உங்களில் எத்தனைபேர் இதே மாதிரித் தாளில் இதே மாதிரிக் கையெழுத்து போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போட்டேன்.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்தர் என்னை நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். பிரிண்டர் மூடியைத் திறந்து பார்க்கிற அதே முகத்தோடு ஒரே கேள்வி கேட்டாள். "படிச்சிட்டு போட்டியா வசந்தா, படிக்காம போட்டியா?"

"படிக்காமதான் போட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள். குடையை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குடைக்குள் வைத்து வெளியே போன தாளால் குமுதாவுக்கு நியாயம் கிடைத்தது. வேலையில் பட்ட அடி என்று ஈ.எஸ்.ஐ.யில் எழுதிக்கொண்டார்கள். தாள் எப்படி வெளியே போனது என்று கம்பெனியால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் எஸ்தர்மேல் பழுதுக் குற்றம் ஃபைலில் இருந்ததே, அதைக் காட்டி அவளைப் பேக்கிங்குக்குத் தள்ளினார்கள். டாக்குமென்ட் அடித்த கை, நாள் முழுக்க நின்றுகொண்டு டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டியது. ஒரு நாற்காலி கேட்டு நான்கு மாதம் எழுதினாள். எட்டாம் மாதம் வேலையை விட்டாள். ஆம்பூர் பஜாரில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் என்று ஒரு சின்ன இடம் பிடித்தாள், கம்ப்யூட்டர் ரிப்பேரும் பார்த்தாள்.

அங்கே ஒருநாள் நான் போயிருந்தபோது தோல் வியாபாரி பாய் ஒருவர் ஆட்டோவில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மேடம், ஒரே பேஜாரா போச்சு. போட்டா திரை வருது, அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல. எல்லாம் பூட்ச்சி. எம் பையன்தான் எதையோ அமுக்கிட்டான், அவன தோல உரிக்கப்போறேன்" என்றார். "போகல பாய், மறைஞ்சிருக்கும். பையன விடுங்க. மொதல்ல இன்னா ஆச்சுன்னு பாப்போம்" என்று எஸ்தர் மூன்று கட்டைகளையும் அமுக்கினாள். பாய் வாய்பிளந்து பார்த்தார். அவர் போனபிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் இப்படி எத்தனை டீ குடித்திருப்பேன்! ஒரு தடவைகூட அவள் நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதைத்தான் பொறுமை என்று பேனரில் போட்டிருக்கிறார்கள். பொறுமை இல்லை ஐயா அது. நானாகச் சொல்லுகிறேனா என்று அவள் காத்திருந்தாள். எனக்கு அது தெரியும். டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

அடக்கத்தன்று கம்பெனியிலிருந்து ரோஜா மாலை வந்தது, ஜெனரல் மேனேஜரும் வந்தார். மாதனூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து குமுதாவும் வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மூன்று விரல் இருக்கிற கையால் எஸ்தரின் நெற்றியைத் தடவினாள். ஜெனரல் மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன? நானும் அந்தக் கையைப் பார்க்கமுடியாமல் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எஸ்தரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பவை இரண்டு. என் மேஜை இழுப்பறையின் உள்பக்கத்தில், அந்த மூன்று கட்டைகளையும் எட்டு எழுத்தையும் அவள் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினால் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டுதான் போவேன். இன்னொன்று சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் கேட்ட கேள்வி. என்ன ஆயிற்று என்று முதலில் பார்க்கவேண்டும், யார் செய்தது என்பது அப்புறம் என்பாள். என்ன ஆயிற்று என்று உங்களிடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். செய்தவர்களில் ஒருவர் ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருத்தி நான்.

எஸ்தர், நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். இரண்டு தடவை படித்தேன்.